லாட் 214: துவக்கு

எழுதும்போது லியோமின்ஸ்டர்,
வாயில் வரும்போது லெம்ஸ்டர்.
நடுவில் தொலைந்த எழுத்துகளை இந்த ஊர்
யாருக்கு ஏலம் விட்டதோ தெரியாது.

ஈரமான செவ்வாய்க்கிழமை.
ப்ராஸர் ஏலக்கூடத்தின் பின்னறையில்
வெள்ளைப் பருத்திக் கையுறையோடு அதைத் தூக்குகிறேன்.
எழுநூற்று எழுபது கிராம் என்கிறது தராசு.
நேற்று வாங்கிய கோழி இதைவிடக் கனம்.

பட்டியலுக்கு என் வரிகள்:
விக்டோரியா காலம். போலீஸ் ரிவால்வர்.
ஆறு அறை. குட்டைக் குழல்.
வால்நட் பிடியில் கட்டம் கட்டமாய்ச் செதுக்கல்,
ஒரு பெருவிரல் அளவுக்கு மட்டும் அது
தேய்ந்து வழவழத்திருக்கிறது.
நீலப்பூச்சில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.
பர்மிங்ஹாம் முத்திரை; கிரீடம் பாதி அழிந்தது.
பிடியின் அடியில் கயிறு கோக்க வளையம்,
ஓடுகையில் நழுவி விழுந்தால்
கள்ளன் பொறுக்கிக்கொள்ளாதிருக்க.

சட்டத்துக்கு இது அலங்காரப் பொருள்.
இதற்கேற்ற தோட்டாவை இப்போது
எவரும் வார்ப்பதில்லை என்பதால்
பூச்சாடிக்கு உள்ள உரிமை இதற்கும் உண்டு.
அலமாரியில் வைக்கலாம். துடைக்கலாம்.
விருந்தாளிக்குக் காட்டலாம்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் குரொய்டனில்
ஓர் அதிகாரி மூன்று முறை, மூன்று விதமாய்க் கேட்டார்:
ஆயுதம் எதையும் தொட்டிருக்கிறாயா?
இல்லை என்றேன். மூன்று இல்லையும் உண்மை.
இன்று மணிக்குப் பதின்மூன்று பவுண்டுக்குத் தொடுகிறேன்.
ஒருவரும் கேட்கவில்லை.

துவக்கு என்போம் நாங்கள்.
ஆரம்பி என்பதற்கும் அதே சொல்.
மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர்.
கையில் துவக்கோடு வந்தார்கள் என்று நான் சொன்னதை
கையில் தொடக்கத்தோடு வந்தார்கள் என்று
ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தானே திகைத்தார்.
அதிகாரி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும்.
அந்த அறையில் நடந்த நல்லது அது ஒன்றுதான்.

விற்கக் கொடுத்தவர் ஹெஸ்டர் ட்ரான்டர்.
குடும்பக் கதை: கொள்ளுப்பாட்டன் ஏமஸ்,
இரவு ரோந்துக் கான்ஸ்டபிள்,
மூன்று கள்ளரைத் தனியே மடக்கியவர்,
ஒருவனைச் சுட்டும் விட்டவர்.
"கள்ளரோடு போடு, ஐந்நூறு கூடும்" என்றார் ப்ராஸர்.

பெட்டிக்குள் ஒட்டிய பச்சைத் துணி ஒரு மூலையில் உப்பியிருந்தது.
அடியில், நான்காய் மடித்த பதிவேட்டுத் தாள்கள்.
விடியலுக்கு விடியல் ஒரே கையெழுத்து:
ஒப்படைத்தேன். தோட்டா ஆறு. சுடவில்லை.
ஆறு. சுடவில்லை.
ஆறு. சுடவில்லை. மழை.
ஆறு. சுடவில்லை. பூட்ஸ் ஒழுகுகிறது.
ஜனவரி பத்தொன்பது:
ஐந்து.
பாலத்தடியில் பனிக்கட்டி சறுக்கி
முன்கால் முறிந்த பால்வண்டிக் குதிரை.
பெயர் டச்சஸ். உடையவன் கேட்டுக்கொண்டபடி.
ஓரத்தில் வேறொரு மையில், வேறொருவர்:
தோட்டா விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.
மறுநாள் ஆறு. சுடவில்லை.
எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
குளிராகவும் இருக்கலாம்.

குதிரையை எழுதினேன்.
ப்ராஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொரு தரம் படித்தார்.
"ஹெஸ்டரிடம் நீதான் சொல்ல வேண்டும்."
சொன்னேன். அந்தப் பக்கம்
நெடுநேரம் கேத்தல் கொதிக்கும் சத்தம்.
பிறகு, "என்ன நிறம்?" என்றார்.
தாளில் இல்லை.

வியாழன் ஏலம். பதினேழு பேர், ஒரு நாய்.
எழுநூறில் துவங்கி
எண்ணூற்று ஐம்பதில் நின்றுவிட்டது துவக்கு.
தொலைபேசியில் எடுத்தவர் யாரோ பல் வைத்தியர்.
பெட்டியோடு தாள்களும் சேர்த்தியா என்று கேட்டார்.
சேர்த்திதான்.

சுத்தியல் ஒரேயொரு தரம் விழுந்தது.
நாய் துள்ளி எழுந்தது.
நானுந்தான்.